ஏற்காட்டு நர்சரியின் பிளான்டெயின்: செடியை வாங்கலாம், டப்பாவை விட்டுவிடலாம்

பிளான்டெயின் என்றதும் வாழைக்காய் ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை. ஆங்கிலத்தில் வாழைக்காய்க்கும், தரையோடு ஒட்டி வட்டமாக இலை விரிக்கும் ஒரு சின்னக் கீரைச்செடிக்கும் அதே பெயர்தான். ஏற்காட்டில் எஸ்டேட் சாலை ஓரம் இருக்கும் இந்த மூலிகை நர்சரிக்காரர்களும் அங்கேதான் வழுக்கியிருக்கிறார்கள். நாற்றுப் பையில் செருகிய அட்டையில் ‘வாழைக்கீரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வாழைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. உறவென்று தேடினால் இசப்கோல்தான். மலச்சிக்கலுக்கு ராத்திரி தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறோமே, அந்த உமி இதன் பங்காளிச் செடி ஒன்றின் விதையிலிருந்து வருகிறது.

செடியின் தாவரவியல் பெயர் பிளான்டேகோ. லத்தீனில் ‘பிளான்டா’ என்றால் உள்ளங்கால். மிதிபடும் நடைபாதையில்கூட முளைக்கும், இலையும் பாதம் மாதிரி அகலம், அதனால் அந்தப் பெயர். ஐரோப்பியர் போய்க் குடியேறிய இடமெல்லாம் கூடவே முளைத்ததால் அமெரிக்கப் பழங்குடிகள் இதை ‘வெள்ளைக்காரன் காலடி’ என்றார்கள்.

இந்த நர்சரியில் இதை நாலு உருவில் விற்கிறார்கள். நாற்று 60 ரூபாய், விதைப் பொட்டலம் 40, காய்ந்த இலை 50 கிராம் 180, களிம்பு 30 கிராம் டப்பா 250. குறையும் நிறையும் கலந்து சொல்லப்போவதால் கடையின் பெயர் வேண்டாம். நாலில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது நாற்று மட்டும்தான். இந்தச் செடியின் அருமையே பறித்த கையோடு பயன்படும் பச்சை இலையில் இருக்கிறது. அதைக் காயவைத்து, பொடித்து, எண்ணெயில் போட்டு விலையைக் கூட்டக் கூட்ட, உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாமல் போகிறது.

நாற்றிலிருந்து தொடங்கலாம். இரண்டு ரகம் வைத்திருக்கிறார்கள். அகல இலை ரகம் பிளான்டேகோ மேஜர்; உள்ளங்கை அளவு முட்டை வடிவ இலை, நீளமான காம்பு. ஒடுக்க இலை ரகம் பிளான்டேகோ லான்சியோலேட்டா. ஈட்டி முனை மாதிரி நீண்டு நிமிர்ந்து நிற்கும். சமையலுக்கு அகல இலை வாங்குங்கள். தொண்டைக் கரகரப்புக்குக் கஷாயம் போடத்தான் வேண்டும் என்றால் ஒடுக்க இலை. அட்டையில் இந்த வித்தியாசம் எங்கும் எழுதப்படவில்லை, இரண்டுமே ‘வாழைக்கீரை’தான். கேட்டால் தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா சரியாக எடுத்துக் கொடுக்கிறார். கல்லாவில் இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

செடி சரியானதுதானா என்று அங்கேயே பார்த்துவிடலாம். அடியில் இருக்கும் முற்றிய இலை ஒன்றின் காம்பைக் கிள்ளி, இரண்டு பக்கமும் மெதுவாக இழுங்கள். சதை அறுந்த பிறகும் நரம்புகள் அறுபடாமல் வெள்ளை நூலாக நீண்டு வரும். வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுப்போமே, கிட்டத்தட்ட அந்த நார். (வாழைக்கும் இதற்கும் ஒற்றுமை தேடினால் இது ஒன்றுதான்.) இலையைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து முதல் ஒன்பது நரம்புகள் காம்பிலிருந்து கிளம்பி, ஒன்றையொன்று தொடாமல் வரிவரியாக நுனிவரை ஓடும்.

இந்தச் சோதனையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதே நர்சரியில், அதே மேசையில், இரண்டு வரிசை தள்ளி டிஜிடாலிஸ் நாற்றுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மணி மணியாக ஊதாப் பூ பூக்கும் அழகுச்செடி, மலைத் தோட்டங்களில் விரும்பி வைப்பது. பூக்காத பருவத்தில் அதுவும் தரையோடு வட்டமாக இலை விரித்துத்தான் இருக்கும். அதன் இலை இதயத் துடிப்பையே குலைக்கும் விஷம். 1997-இல் அமெரிக்காவில் பிளான்டெயின் இலை என்று விற்ற சரக்கில் டிஜிடாலிஸ் இலை கலந்துபோய், சாப்பிட்டவர்கள் இதயக் கோளாறோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அரசே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. டிஜிடாலிஸ் இலையில் நடு நரம்பிலிருந்து கிளை பிரிந்து வலை மாதிரி பின்னியிருக்கும், தொட்டால் சுணை சுணையாக மெத்தென்று இருக்கும். காம்பை இழுத்தால் நூலும் வராது. தின்கிற செடியையும் கொல்கிற செடியையும் ஒரே மேசையில் அடுக்குவது நர்சரிக்காரர்கள் உடனே திருத்த வேண்டிய விஷயம். நாலு நட்சத்திரம் கொடுக்க நினைத்த கடைக்கு மூன்று கொடுக்க இது ஒன்றே போதும்.

நாற்றின் தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆறேழு இலையோடு, வேர் பையின் அடியை எட்டிய பருவத்தில் கொடுக்கிறார்கள். பூந்தண்டு விட்ட கிழட்டுச் செடியைத் தள்ளிவிடுவதில்லை. பிரச்சினை பையில் நிரப்பிய கலவையில். தொட்டுப் பார்த்தால் முக்கால்வாசி கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள். ஏற்காட்டுப் பனியில் அது ஈரமாகவே இருக்கும், செடியும் செழிக்கும். மலை இறங்கிச் சேலம் வெயிலுக்கு வந்ததும் அதே கோகோபீட் காய்ந்து சுருங்கி, பையின் ஓரத்தை விட்டு விலகி நிற்கும். மேலே ஊற்றும் தண்ணீர் வேரைத் தொடாமல் ஓர இடைவெளி வழியாக இறங்கி ஓடிவிடும். பார்ப்பவருக்குத் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருக்கும், செடிக்கு ஒரு சொட்டும் சேராது. நடுவதற்கு முன் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை பத்து நிமிடம் வைத்திருங்கள். பிறகு பையைக் கிழித்து, வெளிச்சுற்றுக் கோகோபீட்டை விரலால் உதிர்த்துவிட்டு நடுங்கள். அப்படியே உருண்டையாக வைத்தால் வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராது. மூன்று மாதம் கழித்துப் பிடுங்கினாலும் பையின் வடிவத்திலேயே இருக்கும்.

வேர் சல்லிவேர், மேலாகப் பரவும். அதனால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். 12 அங்குல அகலம், 8 அங்குல ஆழம் உள்ள தொட்டி ஒரு செடிக்குத் தாராளம். நீளத் தொட்டியில் செடிக்குச் செடி 9 அங்குலம். மாடிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம், ஒரு பங்கு கோகோபீட். ஏற்காட்டிலேயே தோட்டம் வைத்திருப்பவர்கள் கோகோபீட்டுக்குப் பதில் ஆற்றுமணல் போடுங்கள். அங்கே தண்ணீர் நிற்பதுதான் கெடுதல். நடும்போது இலைகள் கூடும் நடுக்குருத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும். அரை அங்குலம் புதைந்தாலும் குருத்தில் தண்ணீர் தங்கி, நடுவிலிருந்து கறுத்து அழுகும். நட்ட இரண்டு வாரத்தில் செடி போய்விட்டது என்று புலம்புகிற பல பேரின் தொட்டியில் நடந்திருப்பது இதுதான்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே பிறந்த நாற்றை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி, நேராக மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மூன்றாம் நாளே இலையோரம் கருகும். முதல் ஒரு வாரம் மர நிழலிலோ வராந்தாவிலோ இருக்கட்டும். பிறகு காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், பகலுக்கு 50 சதவீத நிழல்வலை. மாடித் தளத்தின் சூடு தொட்டியின் அடி வழியாக ஏறும் என்பதால் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியைத் தூக்கி வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் இதற்குப் புது இலையை எதிர்பார்க்காதீர்கள். உயிரோடு இருந்தால் சந்தோஷம். அந்த இரண்டு மாதமும் இலை சிறுத்து, தடித்து, கசக்கும். ஆடிக் காற்று ஓய்ந்து ஒரு மழை விழுந்ததும் அதே செடி திரும்ப அகலமாக விடும்.

கோடையில் வாங்குவதைவிட ஜூலையிலிருந்து நவம்பருக்குள் வாங்குவதே கெட்டிக்காரத்தனம். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் நர்சரியிலும் பொறுமையாக எடுத்துக் கொடுக்க ஆளிருக்காது, கீழே கொண்டுவந்தாலும் செடி பிழைக்காது. பிளாஸ்டிக் பை தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஓர் அட்டைப்பெட்டி கொண்டுபோங்கள். டிக்கியில் தனியாக நிறுத்தினால் முதல் நாலு வளைவுக்குள் படுத்துவிடும். பெட்டியில் நெருக்கி அடுக்கி, இடைவெளியில் பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செருகுங்கள். பைக்கில் முன்னால் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் வளைவுகளில் வண்டியை நிறுத்தாமல் இருப்பது நல்லது. அங்கே உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கு அது வாழைக்கீரையா வேறு கீரையா என்ற கவலையெல்லாம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. சேலத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. அதையே ஊற்றினால் ஒரு மாதத்தில் மண் மேல் வெள்ளை பூத்து, இலை நுனி பழுப்பாகும். நோய் என்று நினைத்து மருந்தடிக்காதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேட்டூர்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ தொட்டியின் அடி வழியாக ஓடுமளவு ஊற்றி, தேங்கிய உப்பை இறக்கிவிட்டால் போதும்.

பூச்சி தொல்லை குறைவு. கீழே சேலத்தில் மாவுப்பூச்சியும் அசுவினியும் வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளித்து, அடுத்த ஒரு வாரம் அந்த இலையைச் சமைக்காமல் விடுங்கள். மலையில் நத்தையும், பனிக்காலத்தில் இலைமேல் மாவு தூவியது போன்ற சாம்பல் நோயும்தான் எதிரி. சாம்பல் நோய்க்குக் காற்றோட்டமே மருந்து. அடி இலைகளைக் கழித்துவிட்டு, சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றுங்கள்.

பூந்தண்டு எலி வால் மாதிரி நடுவிலிருந்து நிமிரும். விட்டுவைத்தால் இலை முரடாகிவிடும், எனவே விரல் நீளம் வந்ததும் அடியோடு கிள்ளுங்கள். காற்றில் பறக்கும் இதன் மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் கிளப்பும், குறிப்பாக ஒடுக்க இலை ரகத்தினுடையது. வீட்டில் ஆஸ்துமா இருந்தால் ஒரு தண்டையும் விடக்கூடாது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அகல இலைச் செடி ஒன்றே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். நனைந்தால் விதை பிசுபிசுவென்று செருப்பிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு பயணம் போகும். தொட்டியில் இருக்கும்வரை கீரை, காப்பித் தோட்டத்துக்குள் போய்விட்டால் களை. இந்த எச்சரிக்கையும் அட்டையில் இல்லை.

இனி அடுப்படிக்கு. மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட இளம் இலைதான் சமையலுக்கு. ஒரு நேரத்தில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்காதீர்கள். பச்சையாக மென்றால் முதலில் சாதாரணக் கீரை, அப்புறம் லேசான கசப்பு, கடைசியில் ஒரு மெல்லிய காளான் வாசம். ஆறு செடி வைத்திருந்தாலும் பத்து நாளுக்கு ஒரு கைப்பிடிதான் தேறும். இதை மட்டும் வைத்து ஒரு குடும்பத்துக்குக் கீரை செய்ய முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சூரமங்கலம் உழவர் சந்தையில் ஒரு கட்டு அரைக்கீரை வாங்கி, அதோடு கலப்பதுதான் நடக்கிற காரியம்.

இந்தக் கீரையைக் கெடுப்பது நார். நரம்பு நீளவாக்கில் ஓடுவதால், முருங்கைக்கீரை மாதிரி முழுசாகப் போட்டாலோ, நீளவாக்கில் நறுக்கினாலோ, தொண்டையில் நூல் சிக்கினது போல் இருக்கும். மத்தில் கடைந்தால் நார் மத்தைச் சுற்றிக்கொண்டு, கழுவுகிறவர் நம்மைத் திட்டும்படி ஆகும். முதலில் காம்பின் அடியைக் கிள்ளி, அவரைக்காய்க்கு நார் உரிப்பது போல இலையின் முதுகுப் பக்கமாக இழுத்துவிடுங்கள். முக்கால்வாசி நார் வந்துவிடும். இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, குறுக்காக, நூல் மாதிரி மெல்லிசாக அரியுங்கள். உப்புப் போட்ட கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பிழிந்தால் கசப்பும் குறையும்.

கடைசலுக்கு அளவு: துவரம்பருப்பு 75 கிராம், அரைக்கீரை 200 கிராம், இது ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம். பருப்போடு சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் நாலு, ஒரு தக்காளி, சீரகம் அரைக் கரண்டி சேர்த்து வேகவைத்து, அரைக்கீரையைப் போட்டுக் கடைந்து இறக்கிய பிறகு, அரிந்து பிழிந்த இந்த இலையைக் கலந்து இரண்டு கொதி விடுங்கள். கடைவதற்கு முன்னால் போடாதீர்கள், மத்து ஞாபகம் இருக்கட்டும். களிக்கு நன்றாகச் சேரும்.

கடைசலைவிட இது பொருந்துவது கேழ்வரகு அடைக்குத்தான். மாவில் முருங்கைக்கீரை போடும் இடத்தில் இதைப் போட்டால் காளான் வாசம் எடுத்துக் காட்டும், நாரும் மாவில் மறைந்துவிடும். இரண்டு டம்ளர் மாவுக்கு ஒரு கைப்பிடி அரிந்த இலை சரியான அளவு. உள்ளங்கை அளவு முற்றாத இலையை ஓமவல்லி மாதிரி பஜ்ஜி போடலாம். நடு நரம்புகளைக் கத்தி முதுகால் ஒருமுறை நசுக்கிவிட்டு மாவில் முக்குங்கள். துவையலுக்கு இது வேண்டாம். மிக்ஸி பிளேடில் நார் கயிறாகத் திரிகிறது.

மருந்துப் பக்கம் வந்தால் நர்சரியின் அட்டை வெட்கமில்லாமல் பேசுகிறது. சர்க்கரை, மூட்டுவலி, புற்றுநோய், பாம்புக்கடி என்று பட்டியல். இவற்றை நம்பி ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சேர்வராயன் மலைப்பக்கம் பாம்பு கடித்தால் செய்ய வேண்டியது கடிபட்ட காலை அசைக்காமல் வண்டி பிடித்து விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு மருத்துவமனைக்கு ஓடுவது. இலை தேடித் தோட்டத்துக்குள் போவது அல்ல.

உண்மையில் இதன் கைவைத்தியம் சின்னது, ஆனால் உதவுகிறது. கொசு, எறும்பு கடித்துத் தடித்த இடம், முள் கீறிய மேல்தோல், செருப்புக் கடி. இரண்டு இலையைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான அம்மியிலோ இடிகல்லிலோ சாறு கசியத் தட்டி, தடித்த இடத்தில் வைத்துத் துணியால் பதினைந்து நிமிடம் கட்டுங்கள். காய்ந்தால் புது இலை. அரிப்பு அடங்கும். இலையில் இருக்கும் அக்குபின், அலன்டாயின் போன்ற வேதிப்பொருட்கள் அழற்சியைத் தணிப்பவை. வாயில் மென்று வைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. எச்சிலில் இருக்கும் கிருமியைக் காயத்துக்குள் அனுப்புவதுதான் அதில் நடக்கும். ஆழமான வெட்டு, தீக்காயம், நாய்க்கடி, துரு குத்தியது எதிலும் இலை வைக்கக் கூடாது. மண்ணோடு ஒட்டி வளரும் இலை இது, டெட்டனஸ் கிருமி இருப்பதும் அந்த மண்ணில்தான்.

தொண்டை வறண்டு இருமும்போது ஒடுக்க இலையின் கஷாயம் இதம் தரும். இலையில் உள்ள வழவழப்பு தொண்டையில் ஒரு பூச்சு மாதிரி படிகிறது. ஐரோப்பிய மருந்து முகமை இந்த ஒரு பயனுக்கு இதைப் பாரம்பரிய மருந்தாக ஏற்றிருக்கிறது. அதுவும் நெடுங்காலப் பழக்கத்தை வைத்துத்தான், பெரிய ஆய்வுகளை வைத்து இல்லை. அரிந்த பச்சை இலை ஒரு மேசைக்கரண்டி, கொதித்து இறக்கிய தண்ணீர் 200 மில்லி, மூடி பத்து நிமிடம், வடிகட்டிப் பனங்கற்கண்டு. அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். ஒரு வாரத்தில் இருமல் நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலோ டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவர்கள் எந்தக் கீரையையும் போல இதையும் திடீரென்று நிறையச் சேர்க்கக் கூடாது, கீரையில் உள்ள வைட்டமின் கே, அந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கஷாயத்தைத் தவிர்த்துவிடலாம்.

காய்ந்த இலைப் பொட்டலத்துக்கு வருவோம். பிரித்ததும் தெரிந்தது கறுப்பு. பிளான்டெயின் இலையை மெதுவாக, ஈரக்காற்றில் காயவைத்தால் அக்குபின் சிதைந்து இலை கறுத்துப்போகும். மழைக்கால ஏற்காட்டில் கொட்டகைக்குள் குவித்துக் காயவைத்தால் வேறு எப்படி இருக்கும்? 180 ரூபாய்க்கு வாங்குவது நிறம் போன, சத்துப் போன சருகு. அதோடு தூளாக்கியதில் நரம்பு தெரியாது, நூல் சோதனையும் செய்ய முடியாது. அந்த மேசையில் பக்கத்தில் எது இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பொட்டலத்துக்கு நட்சத்திரமே கிடையாது. காய்ந்த இலை வேண்டுமென்றால் சேலத்து வறண்ட காற்றே போதும். கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் நிழலில் மூன்று நாலு நாள். நொறுங்கும்போதும் பச்சை நிறம் மாறாமல் இருந்தால் சரியாகக் காய்ந்திருக்கிறது.

விதைப் பொட்டலம் முளைக்கிறது, ஆனால் அதில் எழுதியிருக்கும் முறை தப்பு. ‘அரை அங்குல ஆழத்தில் ஊன்றவும்’ என்று போட்டிருக்கிறார்கள். இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும், புதைத்தால் முளைக்காது. நாலு பங்கு மணலோடு கலந்து ஈர மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு, ஸ்பிரேயரால் மட்டும் நனையுங்கள். பத்து முதல் இருபது நாளில் முளை தெரியும். சேலத்தில் செப்டம்பருக்குப் பிறகு போட்டால் நல்லது.

‘வீட்டிலேயே இசப்கோல் தயாரிக்கலாம்’ என்று அதே பொட்டலத்தில் ஒரு வரி வேறு. இசப்கோல் உமி பிளான்டேகோ ஒவாட்டா என்ற வேறொரு செடியின் விதைத் தோல். குஜராத், ராஜஸ்தான் பக்கம் குளிர்காலத்தில் விதைத்து, ஏறத்தாழ நாலு மாதத்தில் அறுக்கும் பயிர். அறுப்பு நேரத்தில் ஒரு மழை பெய்தாலே விளைச்சல் போய்விடும். ஆலையில் அரைத்துப் பிரித்தாலும் விதை எடையில் கால்வாசிதான் உமி. அதை ஏற்காட்டு மழையில், வேறு செடியிலிருந்து, வீட்டு மிக்ஸியில் எடுப்பது நடக்காது. இசப்கோல் வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டையில் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கரண்டிக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

களிம்பு. 30 கிராமுக்கு 250 ரூபாய். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, ‘மூலிகைச் சாறு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, எந்த இலை எவ்வளவு என்று இல்லை. ஏற்காட்டுக் கடையில் திறந்து காட்டும்போது அழகாக, கெட்டியாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகும் என்பதை மெழுகு குறைவாகப் போட்டவர்கள் யோசிக்கவில்லை. சேலத்துக்கு வந்து நாலு நாளில் டப்பாவுக்குள் குழம்பு மாதிரி அலைந்தது, மூடியைத் திறந்தால் விரலெல்லாம் வழிகிறது.

நீங்களே செய்தால் இலையை ஒரு நாள் நிழலில் வாடவிடுங்கள். பச்சையாகப் போட்டால் இலையின் தண்ணீர் எண்ணெயில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வாடிய இலை இரண்டு கைப்பிடியை அரிந்து 200 மில்லி தேங்காய் எண்ணெயில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்து, சிறுதீயில் இரண்டு மணி நேரம். குமிழி அடங்கியதும் வடிகட்டி, 45 கிராம் தேன்மெழுகைச் சேர்த்துக் கரையுங்கள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்துப் பார்த்தால் பதம் தெரியும். கோடைக்கு இன்னும் 5 கிராம் மெழுகு போடலாம். எல்லாம் சேர்த்தும் கடை டப்பா ஒன்றின் விலைகூட ஆகாது.

பணம் கட்டும்போது கையில் ரொக்கம் இருக்கட்டும், அந்த இடத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. களிம்பு டப்பாவின் திருகுமூடி மட்டும் நல்ல இறுக்கம். கழுவிக் காயவைத்து, அடுத்த பருவத்துக்கான விதையைப் போட்டு வைத்திருக்கிறோம்.